பாட்டிலைப் பிடித்த கை

மின்சாரத்தின் ஆரம்பக் கதையைக் கேட்டால் எல்லோரும் பெஞ்சமின் பிராங்ளின், இடிமழையில் விட்ட பட்டம், அதன் நூலில் கட்டிய சாவி என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அந்தக் காலத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள்.

1745 அக்டோபரில் பொமரேனியாவின் கம்மின் ஊரில் எவால்ட் வான் கிளைஸ்ட் என்ற தேவாலய அதிகாரி, மருந்து பாட்டிலுக்குள் ஆணியை இறக்கி, உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் இயந்திரத்தால் அதில் மின்னேற்றிப் பார்த்தார். பாட்டில் ஒரு கையில். இன்னொரு கையால் ஆணியைத் தொட்டதும் தோள் வரைக்கும் ஷாக். உடனே பெர்லின், ஹாலே என்று தெரிந்த அறிஞர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டார். அவர்கள் செய்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

காரணம், பாட்டிலைக் கையில் பிடித்திருப்பதுதான் விஷயமே என்பது படிப்பவருக்குப் புரியும்படி அவர் எழுதவில்லை. மின்னேற்றும் பொருளைத் தரையோடு தொடர்பில்லாமல் வைக்க வேண்டும் என்பது அன்றைய அறிஞர்கள் மதித்த விதி. இங்கே நடந்ததோ நேர் எதிர். கண்ணாடிக்கு உள்ளே மின்னேறிய ஆணி, வெளியே உள்ளங்கை, உடம்பு வழியாகத் தரைக்கு எர்த். அந்தக் கை இல்லாவிட்டால் பாட்டிலில் சொல்லிக்கொள்ளும்படி மின்சாரம் சேராது.

சில மாதங்களில் ஹாலந்தின் லெய்டன் நகரத்திலும் இதே விபத்து. முஷன்புரூக் என்ற பேராசிரியரின் கூடத்துக்கு வந்துபோகும் கூனேயஸ் ஒரு வக்கீல். அந்த விதியெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். அப்புறம் பேராசிரியரும் செய்து பார்த்து ஆடிப்போனார். 1746 ஜனவரியில் பாரிஸில் இருந்த ரேமூர் என்ற விஞ்ஞானிக்கு எழுதினார்: பயங்கரமான சோதனை, நீங்கள் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுச் செய்முறை முழுவதையும் எழுதிவைத்தார் பாருங்கள், அங்கேதான் மனிதர் நிற்கிறார். பட்டுக் கயிற்றில் தொங்கும் துப்பாக்கிக் குழல், அதிலிருந்து பாட்டில் தண்ணீருக்குள் இறங்கும் பித்தளைக் கம்பி, வலது கையில் பாட்டில், இடது கையால் குழலில் தீப்பொறி. ஜெர்மன் கண்ணாடிதான் வேண்டும் என்றுகூட எழுதினார். அது தேவையில்லை என்று பிறகு தெரிந்தது. தேவைக்கு மேல் சொன்னதால் யாருக்கும் நஷ்டமில்லை.

பாரிஸில் நொல்லே என்ற விஞ்ஞானி அதைச் செய்து பார்த்தார். மன்னர் பதினைந்தாம் லூயி முன்னால் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, பாட்டிலின் ஷாக்கை அவர்கள் வழியாக விட்டு ஒரே நேரத்தில் துள்ள வைத்தார். பாட்டிலுக்கு 'லெய்டன் ஜாடி' என்ற பெயரும் நிலைத்தது. முதலில் செய்த கிளைஸ்டுக்கு அநியாயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொருவர் செய்து பார்க்க முடியாதவரை அது அவருடைய தோளுக்கு மட்டும் தெரிந்த சங்கதிதானே.

பிராங்ளினும் இந்த வகையில் கெட்டிக்காரர். லண்டன் ஜவுளி வியாபாரி பீட்டர் காலின்சனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1751-இல் புத்தகமாக வந்து, பிரெஞ்சுக்கும் போயின. மேகத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க அவர் எழுதிவைத்த வழியைப் பின்பற்றி, டாலிபார் என்பவர் பாரிஸ் பக்கம் மார்லி கிராமத்தில் 40 அடி இரும்புக் கம்பியை நட்டார். 1752 மே 10 அன்று இடி இடித்தபோது டாலிபார் ஊரிலேயே இல்லை. காவலுக்கு விட்டிருந்த குவாஃபியே என்ற பழைய சிப்பாய்தான் பாட்டிலில் செருகிய பித்தளைக் கம்பியை நீட்டித் தீப்பொறியை வாங்கினார். பாதிரியாரைக் கூப்பிட்டனுப்ப, அவர் ஆலங்கட்டி மழையில் ஓடியதைப் பார்த்து சிப்பாய் செத்துவிட்டார் என்றே ஊரார் நினைத்தார்களாம். பிராங்ளின் கடலுக்கு அந்தப் பக்கம், எதுவும் தெரியாமல் இருந்தார். பட்டம் விட்டதாகச் சொல்லப்படுவதே அடுத்த மாதம்தான். நம் பாடப்புத்தகங்கள் பட்டத்துக்குப் படம் போடுகின்றன. நான் போட்டால் குவாஃபியேவுக்குத்தான் போடுவேன்.