ஏர்கானை நிறுத்தாமல் ஓடவிட்டால் பில் குறையுமா?

"ஏர்கானை நிறுத்தி நிறுத்திப் போட்டால்தான் பில் ஏறும். வெளியே போனாலும் ஓடவிடுங்கள், மிச்சமாகும்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கம்ப்ரசர் கிளம்பும்போது கரண்டைக் கூடுதலாக இழுப்பது உண்மைதான். ஆனால் அது ஓரிரு நொடிச் சமாச்சாரம். இன்வெர்ட்டர் வகை ஏர்கானில் அதுவும் இல்லை, மோட்டார் மெல்லத்தான் வேகமெடுக்கும்.

பில்லை ஏற்றுவது வீட்டுக்குள் வரும் வெப்பம். மேற்குப் பார்த்த வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாலை நான்கு மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அறை குளிர்ந்தே இருந்தால் அந்தச் சூடு விடாமல் உள்ளே வரும். ஆளில்லாத அறையிலிருந்து அதை வெளியேற்றத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள். நிறுத்திவிட்டால் அறை சூடாகச் சூடாக உள்ளே வரும் வெப்பமும் குறையும். திரும்பி வந்து குளிரவைக்கும் செலவு அதைவிடக் குறைவுதான்.

கீழே கடைக்குப் போய் வருகிற நேரத்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது, சரி. வேலைக்குப் போகிறவர்கள் தயங்காமல் நிறுத்துங்கள்.

வீட்டில் இருக்கும்போது 25 டிகிரியோ அதற்கு மேலோ வைக்கச் சொல்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். கூடவே ஃபேனையும் போடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பி நாள் முழுக்க ஓடவிட்டால் மாதக் கடைசியில் திண்டாடுவது அவர்கள்தான்; அவர்களிடம் நேரில் எடுத்துச் சொல்லுங்கள்.