லீவு முடிந்தது, வேலை அப்படியே இருந்தது

ஊர் சுற்றிவிட்டு வந்தால் வீட்டிலும் ஆபீஸிலும் ஏன் மனசு ஒட்ட மாட்டேன் என்கிறது என்று கேட்டு இப்போதெல்லாம் நிறையப் பதிவுகள் கண்ணில் படுகின்றன. கீழே வரும் ஆலோசனைகளும் ஒரே ரகம்தான். தியானம் பண்ணுங்கள், போட்டோக்களை ஆல்பம் போடுங்கள், அடுத்த டிரிப்புக்கு இப்போதே பிளான் பண்ணுங்கள். ஏதோ மனசுக்குத்தான் வியாதி வந்த மாதிரி. நானும் இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு ஜூன் கடைசியில்தான் திரும்பினேன். என் மனசு நன்றாகத்தான் இருந்தது. மேஜைதான் சரியில்லை. அப்புறம் அடுப்படி.

நான் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். மாதம் பிறந்தால் 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் 3பி படிவம். ஜூனில் 15ஆம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ் வேறு. 20 தாண்டினால்தான் எங்கள் ஆட்களுக்கு மூச்சு விட நேரம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் எல்லாவற்றையும் அந்த மாதக் கடைசி நாட்களில்தான் முடித்துக்கொள்ள வேண்டும். நான் ஸ்பிதியை முடித்துக்கொண்டேன்.

ஸ்பிதியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும். அங்கே இருக்கும் தாபோ புத்த மடாலயம் 996இல் கட்டியது, நம்ம தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பதினான்கு வருஷம் மூத்தது. அதன் மண்சுவர் ஓரமாக ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று ஒரு குரல் வரவில்லை. பாதி நாள் போனில் சிக்னலே கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

திரும்பும்போது கூட வந்தவர்கள் டெல்லியில் பிளைட் ஏறிவிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் சென்னை, மறுநாள் காலை ஆபீஸ். நானும் ஒரு தோழியும் மட்டும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தோம். 2,180 சொச்சம் கிலோமீட்டர், 33 மணி நேரம். எல்லோரும் கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ பயணத்தின் மிச்ச அலுப்பு முழுவதும் அந்த ரயிலில்தான் இறங்கியது. காலையில் போபால், மதியம் நாக்பூர், வாரங்கல் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கீழ் பெர்த்தில் தூங்கி, எழுந்து, டீ குடித்து, மறுபடி தூங்கினேன். ஊருக்குள் நுழைவதற்கு முன் உடம்புக்கு ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலை லீவில் சேர்த்துக் கேட்டால்தான் மேனேஜர்கள் முகம் மாறுகிறது. "வீட்ல சும்மா இருக்கறதுக்கு எதுக்கும்மா லீவு?"

சரி, மேஜைக்கு வருகிறேன்.

நான் இல்லாதபோது என் வேலையைப் பார்த்துக்கொள்ள பில்லிங்கில் இருக்கும் ஒரு தம்பியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வேலையை யாரும் குறைக்கவில்லை. தலைமேல் இதையும் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். பாவம், அவர் என்ன செய்வார்? பிடிபடாத வரவுகளையெல்லாம் டாலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைத்திருந்தார். ஒரு 58,000 ரூபாய் வந்திருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் நம்பர் மட்டும் இருக்கிறது, யார் போட்டது என்று பெயர் இல்லை. 58,000க்கு நம்மிடம் பில்லும் இல்லை. உண்மையில் பில் 50,000, ஜிஎஸ்டி 9,000, மொத்தம் 59,000. பார்ட்டி அந்த 50,000க்கு 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார். தெரிந்தவருக்கு இரண்டு நிமிஷ வேலை. தெரியாததால், பணம் கட்டிய மனுஷனுக்கே "பாக்கி எப்போது தருவீர்கள்" என்று இங்கிருந்து மெயில் போய்க்கொண்டிருந்தது. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்த முதல் போன் அவருடையதுதான். வாங்கிய திட்டை விடுங்கள்.

வவுச்சர்கள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடை கட்டைப்பையில் இருந்தன. தேதி வாரியாகக்கூட இல்லை. மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ரெஃப்ரெஷ் ஆகி வந்திருப்பீங்க, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்."

இதைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கு யாரும் லீவு தரவில்லை. என் வேலையைத் தள்ளி வைத்தார்கள். திரும்பி வந்து இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து மொத்தமாக அடைத்தேன். இதற்குப் பெயர் கடன்.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டம் வரும் வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948 என்ன சொன்னது? வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்று மறுவருஷம் சம்பளத்தோடு லீவு. நல்ல விஷயம். ஆனால் அந்த நாட்களில் அந்த வேலையை யார் செய்வது என்று அது கேட்டதில்லை.

நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. பயணம் போகப் போகிறவர்கள், போவதற்கு முன் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். போய் வந்த பிறகு இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'ரொம்ப நிம்மதியாக இருந்தது' என்று சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதுவும் சில வாரங்களில் தேய்ந்துவிட்டது. சட்டப்படியே வருஷத்துக்கு 20 நாள் சம்பள லீவு இருக்கிற நாட்டின் கதை இது. இதைப் படித்துவிட்டு 'பயணமே வீண்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்து இறங்கிய இடத்தில் என்ன காத்திருந்தது என்றும் கேட்க வேண்டாமா?

ஜெர்மனியில் டைம்லர் கம்பெனி 2014இல் ஒரு வசதி செய்தது. லீவில் இருக்கும் ஊழியர் விரும்பினால், அவருக்கு வரும் மெயில்கள் தானாகவே அழிந்துவிடும். 'இவர் லீவில் இருக்கிறார், அவசரம் என்றால் இன்னாரைக் கேளுங்கள்' என்று அனுப்பியவருக்குப் பதில் போய்விடும். திரும்பி வரும்போது பெட்டி காலி. 'அதெல்லாம் ஜெர்மனி' என்பீர்கள். நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. பேங்கில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்தில் ஒரு தடவை சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று 2021இல் ரிசர்வ் வங்கி மறுபடி உத்தரவு போட்டது. அந்த நாட்களில் அவர்கள் பொதுவான ஆபீஸ் மெயிலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் தொடக் கூடாது. ஓய்வுக்காக இல்லை, மோசடி ஏதும் இருந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக. ஆக, திருட்டைப் பிடிக்க வேண்டும் என்றால் ஒருவர் நாற்காலியில் இன்னொருவரை முறையாக உட்கார வைக்க முடிகிறது. மனுஷிக்கு ஓய்வு என்றால் மட்டும் ஆள் இல்லை.

இப்போது அடுப்படி. என் வீட்டுக்காரரைக் குறை சொல்லிவிட்டால் நியாயமாக இருக்காது. சமைத்தார், பையனுக்கு டப்பா கட்டினார், துணி துவைத்தார். ஆனால் நான் போன மூன்றாம் நாளே கேஸ் தீர்ந்துவிட்டது. கனெக்ஷன் என் நம்பரில் இருக்கிறது, டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய ஓடிபியும் என் போனுக்குத்தான் வரும், நானோ சிக்னல் இல்லாத மலையில். அத்தை இன்டக்ஷன் அடுப்பில் தோசை வார்த்துப் பழகிவிட்டார்கள், அது வேறு கதை. ஸ்கூலில் கொடுத்த ஒரு படிவம் ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்துக்கு அடியில் காத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'பெற்றோர் கையொப்பம்' என்றுதான் போட்டிருந்தது. அம்மா கையொப்பம் என்று எங்கும் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "இதெல்லாம் நீதானே பாப்ப" என்கிறார். கோபமே இல்லாமல் சொல்கிறார், அதுதான் எனக்கு எரிச்சல்.

அத்தை வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா" என்றார்கள். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தைக் கேட்ட ஒவ்வொரு பெண்ணும் அடுத்த நிமிஷம் சிங்க்கைத்தான் எட்டிப் பார்ப்பாள். பயணம் போன ஆணிடம் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவரிடம் "ரொம்ப இளைச்சுட்டே" என்பார்கள், தட்டில் சோறு வரும்.

வந்த வேகத்தில் இரண்டு காரியம் செய்தேன். கேஸ் கனெக்ஷனில் இவர் நம்பரைச் சேர்க்கச் சொல்லி ஏஜென்சியில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆபீஸில், எந்தப் பார்ட்டி டிடிஎஸ் பிடிப்பார், எந்தப் பார்ட்டி இரண்டு பில்லுக்குச் சேர்த்து அனுப்புவார் என்று ஒரு ஷீட் போட்டு அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். கூடவே மேனேஜருக்கு ஒரு மெயில்: அடுத்த முறை நான் லீவு போட்டால், அந்த நாட்களில் தம்பியின் பில்லிங்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஊர் திரும்பியதும் ஒரு நாள் நான் வீட்டில் இருப்பேன். பதில் இன்னும் வரவில்லை.

இங்கே அக்கவுன்ட்ஸில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸில் லீவுக்குப் போனால் உங்கள் வேலையை முழுசாக இன்னொருவர் பார்க்கிறாரா? பார்க்கிறார் என்றால் எப்படி ஏற்பாடு செய்கிறார்கள் என்று கமென்ட்டில் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். மேனேஜருக்கு அனுப்ப வேண்டும்.