சேருவதற்கு முன்பே படிக்கலாம்
"முதலில் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள், பாடமெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று விமானி ஆவது பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விமானி உரிமத்துக்காக டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) நடத்தும் தேர்வுகளில் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. நேவிகேஷன் (வழியறிதல்), வானிலை இரண்டையும் வீட்டிலேயே தொடங்கிவிடலாம். 60 மைல் தூரத்தில் திசை 1 டிகிரி தவறினால் ஏறத்தாழ 1 மைல் விலகிப்போவோம். இந்த ஒரு கணக்கைத் தாளில் பத்து முறை போட்டுப் பாருங்கள், வரைபடம் பிடிபட்டுவிடும். என் மகன் அப்படித்தான் தொடங்கினான். வேகம் குறைந்தால் மட்டுமே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் என்று நினைத்திருந்தவன், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்தான் காரணம் என்று தானாகவே படித்துப் புரிந்துகொண்டான். அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் இணையதளத்தில் நல்ல பாடநூல்கள் இலவசம். விதிமுறைகளுக்கு மட்டும் இந்திய நூல்களையே படியுங்கள். பணம் கட்டும் முன் விமானிகளுக்கான கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள், தம்பி தங்கைகளே.