மறுக்க வழியில்லாத சம்மதம்

இணையவழி வேலை விண்ணப்பங்களின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்தச் சதுரப் பெட்டிகளைக் கண்டாலே எனக்குக் கொதிக்கிறது. தனியுரிமைக் கொள்கையை முழுமையாக வாசித்து விளங்கிக்கொண்டேன், என் விபரங்களை மூன்றாம் தரப்பினருடன் பகிர உடன்படுகிறேன், என் பின்னணியை விசாரிக்கச் சம்மதிக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் இட்டால்தான் விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். மறுக்க வழியே வைக்காமல் பறிப்பதைச் சம்மதம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

அண்மையில் என் பெறாமகள் கிளிநொச்சியில் ஒரு எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். படிவம் தமிழில் இருந்தது. அவள் வாசித்ததாக உறுதி கூறவேண்டிய கொள்கையோ ஆங்கிலத்தில் மட்டும், கைபேசியில் இழுக்க இழுக்க முடியாத நீளத்தில் இருந்தது. அதற்கு முன்பே அடையாள அட்டையின் இரு பக்கப் படங்களையும், கிராம அலுவலரின் சான்றிதழையும், தகப்பனாரின் பெயரையும் தொழிலையும் வாங்கிவிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்கே அழைக்காத ஒருத்தியின் அடையாள அட்டை அவர்களுக்கு எதற்கு?

எல்லாவற்றிலும் கொடியது பின்னணி விசாரணைக்கான அந்தப் பெட்டிதான். வாசிக்கத் தெரியாத சிங்களத் தாள்களில் கையொப்பமிட வைக்கப்பட்டவர்கள் இன்னும் எங்களிடையே வாழ்கிறார்கள். 2009 இற்குப் பிறகு முகாமிலும் வீட்டுப் படலையிலும் பதிவு, பதிவு என்று விபரம் கொடுத்தே களைத்துப்போன குடும்பங்கள் வன்னி முழுவதும் உண்டு. யார் விசாரிப்பார்கள், யாரிடம் விசாரிப்பார்கள், எடுத்ததை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல், அந்தக் குடும்பத்துப் பிள்ளையிடம் சரி போட்டுவிட்டுப் போ என்பது அநியாயம். பிள்ளைகளும் போடுகிறார்கள், வேலை வேண்டுமே.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுயவிருப்பத்துடன், குறித்த விடயத்துக்காக, விபரம் அறிந்து கொடுக்கப்படுவது என்றே வரையறுக்கிறது. கொடுத்ததை மீளப்பெறும் உரிமையையும் சொல்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டதைச் சாட்டாக வைத்து நிறுவனங்கள் கைகட்டி நிற்கத் தேவையில்லை. கொள்கையைத் தமிழிலும் போடுங்கள். பகிர்வதற்கும் விசாரிப்பதற்கும் தனித்தனியே கேளுங்கள், இல்லை என்று சொல்பவரின் விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை வேலை கொடுக்கும் நாளில் கேளுங்கள், தருகிறோம்.