தத்துவத்தில் எம்.ஏ. என்றால் பக்திப் படிப்பா?

"தத்துவத்தில் எம்.ஏ. என்றால் சாமி கும்பிடக் கற்றுக்கொடுக்கும் படிப்பு, நாத்திகனுக்கு அங்கே வேலையில்லை" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது தவறு.

தத்துவமும் சமயப் படிப்பும் ஒன்றல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துக்கு ஒரு துறை. சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறைகள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூஜிசி நெட் தேர்விலும் தத்துவம் ஒரு பாடம், சமயங்களின் ஒப்பீட்டு ஆய்வு வேறு பாடம்.

நாத்திகம் பற்றி? ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான யூபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வில் தத்துவ விருப்பப் பாடத்தின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் தாளின் இந்தியப் பகுதியில் முதலில் நிற்பதே சார்வாகம். வேதமும் வேண்டாம், மறுபிறவியும் வேண்டாம், கண்ணால் கண்டதே சாட்சி என்றவர்கள்! அப்புறம்தான் சமணம், பௌத்தம், நியாயம், சாங்கியம் எல்லாம். இரண்டாம் தாளில் கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களும் அவற்றின் மீதான விமர்சனங்களும் சேர்ந்தே வருகின்றன. 'கடவுள் இல்லாத சமயம்' என்றே ஒரு தலைப்பு. கூடவே சாதிப் பாகுபாடு பற்றி காந்தியும் அம்பேத்கரும்.

நம்பிக்கை உள்ளவரும் படிக்கலாம், இல்லாதவரும் படிக்கலாம். தேர்வில் மார்க் வாதத்துக்குத்தான், திருநீற்றுக்கு இல்லை. வேலைவாய்ப்பு குறைவு என்று அவர் சொன்னதில் மட்டும் எனக்கு மறுப்பில்லை.