சகாப்தம் வேறு, சதாப்தம் வேறு

'சகாப்தம் என்றால் நூறு வருஷம். சிங்கப்பூரில் 31 ஆண்டு பிரதமராக இருந்த லீ குவான் இயூவின் காலத்தை அப்படிச் சொல்வது தப்பு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. நூறாண்டு என்பது சதாப்தம். நேரு நூற்றாண்டையொட்டி இந்தியாவில் ஓடத் தொடங்கிய ரயிலுக்குச் சதாப்தி என்று பேர் வைத்தது அதனால்தான். ஓர் எழுத்துதான் வித்தியாசம், குழம்புவது சகஜம்.

சகாப்தம் என்பது சக + அப்தம், கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கு. சான்றுக்குத் தமிழ்நாடுவரை போக வேண்டாம். பக்கத்துச் சுமத்ராவில், பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010 என்று காலம் குறிக்கிறது. அதாவது 1088.

அந்தக் கணக்கின் பெயர்தான் பிற்பாடு 'ஒருவர் முத்திரை பதித்த காலம்' என்று விரிந்தது. அதற்கு வருஷ வரம்பே கிடையாது. 31 தாராளம்!