மார்ட்டின்ஸ்வில்: அந்தச் சுவர் சவாரியைத் தடுத்தது சரிதான்

ராஸ் சாஸ்டெயின் சுவரில் உரசிக்கொண்டே கார்களை முந்திப்போன வீடியோவை, நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் பக்கமே போகாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். 2022 அக்டோபர் 30, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் ஓவல், அதாவது நீள்வட்டப் பந்தயப் பாதை. சீசனின் இறுதிப் போட்டியில் பட்டத்துக்கு மோதும் நால்வரில் ஒருவராக, அவர் இன்னும் இரண்டு இடம் முன்னேற வேண்டும். கடைசிச் சுற்றில் பத்தாவதாக இருந்தவர், ஐந்தாவது கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி காரை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டார். வளைவில் காரைச் சுவரே திருப்பிக் கொடுத்தது. கோட்டைத் தாண்டும்போது ஐந்தாவது இடம். அந்த இடத்துக்குப் போட்டியிட்ட டென்னி ஹாம்லின் மயிரிழையில் வாய்ப்பை இழந்தார். அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 18.845 நொடி. மற்றவர்கள் இருபது நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நொடியில் நானும் கத்தினேன். இந்தியாவில் அப்போது விடிய சில மணி நேரம்தான் பாக்கி. ஆனால் 2023 ஜனவரியில், இனி இப்படி ஓட்டினால் இருக்கிற பாதுகாப்பு விதிப்படியே தண்டிப்போம் என்று நாஸ்கார் சொன்னபோது, அதை முழு மனதோடு வரவேற்றேன். இன்றுவரை பலர் அந்த முடிவைத் திட்டுகிறார்கள்.

மார்ட்டின்ஸ்வில் என்றால் பிரேக். மொத்தச் சுற்றே 0.526 மைல்தான். 800 அடி நேர்பாதை, இறுக்கமான வளைவு, மறுபடி நேர்பாதை, மறுபடி வளைவு. வளைவில் பாதையின் சாய்வு வெறும் 12 டிகிரி என்பதால் கார் தானாகத் திரும்பாது. காலால் அடக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, 500 சுற்றுக்கு ஆயிரம் முறை! வெளிச்சம் மங்கும் நேரத்தில் சக்கரத்துக்குள் பாருங்கள். வளைவுக்கு முன் பிரேக் டிஸ்க் செக்கச்செவேலென்று எரியும், நேர்பாதையில் மெல்ல அணையும், அடுத்த வளைவில் மறுபடி எரியும். தொடக்கத்திலேயே ஆசைப்பட்டு அழுத்தியவனுக்குக் கடைசியில் பிரேக்கும் இருக்காது, டயரும் இருக்காது. பொறுத்திருந்தவன் உள்பக்கம் மூக்கை நுழைப்பான், தேவைப்பட்டால் முன்னால் போகிறவரின் பம்பரில் லேசாக ஒரு இடி. அது இந்த ஓவலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். அளவு மீறினால் சில சுற்றுக்குள் திருப்பிக் கிடைக்கும்.

சுவர் சவாரி இவ்வளவையும் ஒரேயடியாகத் தாண்டிப் போய்விடுகிறது. அதை எல்லோரும் செய்தால், 499 சுற்று காப்பாற்றிய பிரேக்குக்கு என்ன மதிப்பு? ஆபத்து வேறு. சுவரில் இருக்கும் கேட்டில் கார் சிக்கிவிடக் கூடாதே என்ற பயம் சாஸ்டெயினுக்கே இருந்திருக்கிறது. வேலிக்குப் பின்னால் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு உள்ளபடியே வருத்தம், அன்று ஜெயித்தவர் யார் என்று யாருக்குமே நினைவில்லாததுதான். கிறிஸ்டோபர் பெல். ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில் வந்தவர். புது டயரோடு பின்னாலிருந்து ஏறி, பழைய டயரில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த சேஸ் பிரிஸ்கோவைக் கடைசிச் சில சுற்றுகளில் முந்தினார். மார்ட்டின்ஸ்வில்லை ஜெயிக்க வேண்டிய முறை அதுதான்.

அதே பெல் 2024 நவம்பரில், சாஸ்டெயின் போன அதே வளைவில், கடைசிச் சுற்றில் சுவரோடு ஒட்டி வந்தார். வழுக்கிப் போய் ஒட்டியது என்றார். முதலில் இறுதிக்குத் தகுதி பெற்றதாகத் தெரிந்தது. நீண்ட நேரம் ஆராய்ந்துவிட்டு தண்டனையாக அவரைப் பின்னுக்குத் தள்ளினார்கள், அவருக்குப் பதில் வில்லியம் பைரன் இறுதிக்குப் போனார். பெல் எனக்குப் பிடித்த ஓட்டுநர். இருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரி. சாஸ்டெயின் போனது தடை சொல்லப்படுவதற்கு முன்னால், அதனால் அவர் இடமும் நியாயமானதே.

நாஸ்காரிடம் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். வழுக்கிச் சுவரில் ஒட்டியதையும் வேண்டுமென்றே சாய்த்ததையும் எதை வைத்துப் பிரிப்பார்கள்? ஆக்சிலரேட்டர் அளவா, ஸ்டியரிங் கோணமா? அந்தத் தரவெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அளவுகோலைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வெளியிடட்டும்.